எதுக்குங்க சரி?

அந்த மையத்தின் கதவு மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் சாலையில், டயர் ரீட்ரேடிங் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருந்த சின்ன அறை அது. ‘இ-சேவை மையம்’ என்று எழுதிய பலகை இன்னும் மேலே இருக்கிறது. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

அதை நடத்தியவரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். கேட்காமல் பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. என் பயமும் ஒரு காரணம். அந்தக் கதவு மூடியதில் என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்குப் பங்கு இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். ஜலகண்டாபுரத்தில் பிறந்து எங்கள் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஒல்லியான உடம்பு. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துவிட்டு அதையே தேடுவார். வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அவரைப் போல நிதானமான ஆளைப் பார்க்க முடியாது. வேறு மையத்தில் ஐந்து நிமிடத்தில் முடிவது அவரிடம் அரை மணி நேரம் ஆகும். போர் போடும் ரிக் வண்டி ஆட்கள் அவருக்கு ‘எதுக்குச்சரி அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தப் பெயர் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் பேசும்போது கேட்பவர் சும்மா இருக்க மாட்டார். ‘சரிங்க’, ‘ஆமாங்க’ என்று நடுநடுவே சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்கு ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். பெண் கேட்டு வந்தவர்களிடம்கூட ‘சரிங்க, சரிங்க’ என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, காப்பி கொடுத்து, பெண்ணைக் கொடுக்காமல் அனுப்பி வைப்பார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

என் மகள் பெயரை ரேஷன் கார்டில் சேர்ப்பதற்காக முதல் தடவை அவரிடம் போனேன். என் கட்டை விரலை இரண்டு விரலால் பிடித்து, ரேகை வைக்கும் கண்ணாடிக்கு மேலே அந்தரத்தில் நிறுத்திக்கொண்டார். கம்ப்யூட்டரைப் பார்த்து, “இந்த விவரமெல்லாம்...” என்று ஆரம்பித்தார். நான் “சரிங்க” என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “எதுக்குங்கண்ணா சரி?”

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

“நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலீங்களே. எதுக்குச் சரின்னீங்க?”

வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் வேர்த்தது. நான் ஐந்தாவதோடு நின்றவன். நாலு பேர் பார்க்கப் பேசுவதென்றால் சின்ன வயதிலிருந்தே கூச்சம். அவர் என் விரலை விடவில்லை. திரையில் இருந்ததை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படித்துக் காட்டினார். இந்த விவரம் எந்த ஆபீசுக்குப் போகும், அங்கே யார் பார்ப்பார்கள் என்று எழுதியிருந்ததையும் படித்தார். அதன் பிறகு, “இப்பச் சொல்லுங்க, சரிங்களா?” என்றார். அப்போது எனக்குச் ‘சரிங்க’ வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

எங்களைப் போன்றவர்களின் விரலில் ரேகை சரியாக விழாது. நான் போர் போடும் வண்டியில் ராடு மாட்டுகிறவன். இரும்பு தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டது. அவர் ஈரமான பஞ்சால் என் விரலைத் துடைத்து, ஊதி, மறுபடி வைத்தார். சலித்துக்கொள்ளவே இல்லை.

அவருடைய கம்ப்யூட்டரின் மேல் ஒரு சின்ன காமிரா இருந்தது. அதன் கண்ணுக்கு நேராக மெரூன் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருப்பார். போட்டோ எடுக்க வேண்டும் என்றால் மட்டும் பொட்டை எடுத்துத் தன் புறங்கையில் ஒட்டிக்கொள்வார். வேலை முடிந்ததும் திரும்ப ஒட்டிவிடுவார். டீக்கடைக்காரர் தினமும் கேட்பார். “அம்மிணி, கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சாச்சு. கல்யாணம் எப்பங்க?” அவரும் விடாமல், “மாப்பிள்ளை தேடிட்டு இருக்கறனுங்க. கண்ணு தெரியாத மாப்பிள்ளையா இருந்தாச் சொல்லுங்க” என்பார்.

போன் வந்தால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். ‘அலோ’ என்றுகூடச் சொல்ல மாட்டார். கூப்பிட்டவர் யார் என்று சொன்ன பிறகுதான் வாயைத் திறப்பார். அவர் மாமியாரே போனில் இரண்டு மூன்று தடவை கத்திவிட்டு வைத்துவிடுவாராம்.

இதெல்லாம் ஒரு மாதிரியான கிறுக்கு என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு மழை நாளில் மையத்தில் ஆள் இல்லாதபோது அவரே காரணம் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜலகண்டாபுரத்தில் ஒரு முகாம் போட்டிருந்தார்கள். தறிக்காரர்கள் நீள வரிசையில் நின்றார்கள். அவர் கேள்வியை வேகமாகப் படிப்பார், வந்தவர் ‘சரிங்கம்மா’ என்பார், அவர் பட்டனைத் தட்டுவார். அப்படி வந்த ஒரு பெரியவரிடம், பழைய பதிவில் இருக்கும் இந்தப் பெயரை நீக்கலாமா என்று கேட்டிருக்கிறார். அவரும் ‘சரிங்கம்மா’ என்றிருக்கிறார். அது அந்தப் பெரியவருடைய பெயர்தான். அதோடு அவருக்கு அரிசி நின்றது, பென்சன் நின்றது. பெரியவர் நேரில் வந்து நின்றும் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

“எம்மேல கோவமே படலீங்க அவரு. நான்தான் சரின்னுட்டேன் சாமி, நீ என்ன பண்ணுவேன்னாரு.” அதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நெடு நேரம் துடைத்தார்.

அதற்கு அடுத்த வருடம்தான் பொதுப் பட்டியல் வந்தது. அண்டை மாநில அரசுகள் சில கூடிப் பேசி, எல்லை தாண்டிப் போய் வரும் வண்டிகள், ஆட்கள் பற்றிய விவரங்களை ஒன்றாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தன. ஒரு மாநிலத்தில் இருக்கும் விவரத்தை மற்ற மாநிலமும் பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவு அதை ஒப்பிட்டுப் பார்க்கும். சந்தேகம் இருந்தால் அதுவே அவரவர் பாஷையில் போன் போட்டுக் கேட்கும். இதற்குச் சம்மதமா இல்லையா என்று ஆளாளுக்கு ஒரு படிவம்.

ரிக் ஆட்கள் அவர் மையத்தில் கூடிவிட்டார்கள். அவர் படிவம் முழுவதையும் சத்தமாகப் படித்தார். “செயற்கை அறிவுன்னா என்னங்கக்கா, பொய் அறிவா?” என்று ஒருவன் கேட்டான். “உனக்கு இருக்கறது இயற்கை அறிவு. அதுவே வேலை செய்யறதில்ல, அதக் கேக்க வந்துட்டான்” என்றான் இன்னொருவன். அவர் சிரிக்கவில்லை. படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தப்பா ஏதாச்சும் வந்துருச்சுன்னா எந்த அரசாங்கத்துகிட்டப் போய்ச் சொல்றதுன்னு இதுல போடலீங்களே” என்றார்.

அவர் படித்துக் காட்டியதைக் கேட்டவர்களில் நிறையப் பேர் ‘இல்லை’ என்று போட்டுவிட்டுப் போனார்கள். போடச் சொல்லி அவர் சொல்லவில்லை. படித்தார், விரலைப் பிடித்துக்கொண்டார், காத்திருந்தார். அவ்வளவுதான்.

நான் அன்று அங்கே இல்லை, இதெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. வண்டிகள் நிற்கும் யார்டிலேயே ஒரு முகாம் போட்டிருந்தார்கள். வரிசையில் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஏதோ கேட்டார். நான் ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

சில மாதம் கழித்து, வெளி மாநிலத்தில் ஒரு மக்காச்சோளக் காட்டில் போர் போட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. தள்ளிப் போய்க் காதில் வைத்தேன். ஒரு பெண் குரல். “வணக்கம், திரு அர்த்தநாரி அவர்களே” என்றது. என்னை அதுவரை யாரும் ‘திரு’ போட்டுக் கூப்பிட்டதில்லை. “ஆமாங்க” என்றேன். அவ்வளவு சுத்தமான தமிழ். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் மரியாதையாகக் கொஞ்சம் நிறுத்தியது. அந்த இடைவெளியில் சும்மா இருப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. ‘சரிங்க’ என்றேன், ‘ஆமாங்க’ என்றேன். பாதி காதில் விழவில்லை. கடைசியில் நன்றி சொல்லி வைத்துவிட்டது. நல்ல பிள்ளையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய் ராடைப் பிடித்தேன்.

அந்த வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். கம்பத்தில் இருந்த காமிரா எங்கள் முகங்களைப் பார்த்தது. என்னை மட்டும் இறங்கச் சொன்னார்கள். அந்த மாநிலத்தில் ஒரு ரிக் வண்டி ஓர் ஆளை இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அதில் இருந்தவர்களில் ஒருவன் பெயர் அர்த்தநாரி.

அர்த்தநாரி என்பது எங்கள் மலைமேல் இருக்கும் சாமியின் பெயர். எங்கள் பக்கம் தெருவுக்கு ஓர் அர்த்தநாரி உண்டு. அந்த ஆளுக்கும் எனக்கும் இனிஷியலும் ஒன்று, பிறந்த தேதியும் ஒன்று. பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் வாத்தியார்கள் ஜூன் ஒன்று என்று எழுதிச் சேர்த்துக்கொண்ட காலம் அது.

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் போலீஸ்காரர் கெட்டவர் இல்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்தார். தன் போனில் எதையோ தொட்டு என் முன்னால் வைத்தார். அதில் அந்தப் பெண் குரல் கேட்டது. “அந்த வாகனத்தில் தாங்கள் பணியில் இருந்தீர்களா?” பின்னால் கம்ப்ரசர் சத்தம். அதற்குப் பிறகு ஒரு குரல், “ஆமாங்க” என்றது.

அது என் குரல்தான்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்த பிறகு நான் எதைச் சொல்லி மறுப்பேன்? முதலாளி பேசிய பிறகு, கூப்பிட்டபோது வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். ஆனால் பட்டியலில் என் பெயருக்கு நேராகச் சிவப்புக் குறி நின்றது. எந்த எல்லையிலும் என்னை இறக்கிக்கொள்ளலாம். எந்த வண்டியிலும் என்னை ஏற்ற மாட்டோம் என்றார்கள். வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் பைக் நின்றால் உள் அறைக்குப் போய்விடுவேன். போன் அடித்தால் மனைவிதான் எடுப்பாள்.

அவரிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் கேட்டார். வழக்கம்போல ‘எதுக்குச் சரி’ என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை. பட்டியலில் இருந்த என் பக்கத்தை எடுத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்.

“ஏனுங்கண்ணா, அவங்க பதிவுல அந்த ஆளப் பொம்பளைன்னு போட்டிருக்குதுங்களே.”

பெயரில் பெண் என்று பொருள்படும் நாரி இருப்பதைப் பார்த்து அங்கே யாரோ அப்படிப் பதிந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் அதையும் என்னையும் ஒரே ஆள் என்று சேர்த்திருக்கிறது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “மலைமேல சாமியே பாதி ஆம்பளை பாதி பொம்பளைதானுங்க. கம்ப்யூட்டரு சரியாத்தான் சொல்லுது” என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

அதை வைத்துத்தான் மனு எழுதினார். நம் அரசு ஆபீஸில், அது அவர்கள் பதிவு, அங்கே எழுதுங்கள் என்றார்கள். அங்கே, இது பொதுப் பட்டியல், எங்கள் கையில் இல்லை என்றார்கள். பொதுப் பட்டியலுக்கு மனு வாங்கும் இடமே இல்லை. அவர் மூன்று இடத்துக்கும் திரும்பத் திரும்ப எழுதினார். ஒவ்வொன்றையும் அனுப்பும் முன் எனக்குப் படித்துக் காட்டினார். கடைசியில் ஒரு பதில் வந்தது. மறுபடியும் ஒரு போன் வரும், அதில் கேட்பதற்கு நான் சரியாகப் பதில் சொன்னால் குறியை எடுத்துவிடுவார்களாம். அதே குரல்தான்.

அன்று அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். “நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. அந்த வண்டில நீங்க இருந்தீங்களா?”

“சரிங்க... இல்ல, அது வந்து...”

“‘இல்லீங்க’ன்னு மட்டும் சொல்லுங்கண்ணா. ‘ங்க’ போட்டுக்குங்க, மரியாதை ஒண்ணும் கொறஞ்சு போகாது.”

எனக்கு அந்தச் சொல் வரவே வராது. இல்லை என்றால் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். அதைப் பார்க்க என்னால் முடியாது. குரலுக்கு ஏது முகம் என்று அவர் கேட்டார். முகம் இருப்பது போலத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு வாரம் தினமும் போனேன். அவர் வேலைக்கு நடுவில் திடீரென்று திரும்பி, “அந்த வண்டில இருந்தீங்களா?” என்பார். என் வாய் தடுமாறும்.

போன் வந்தபோது அவர் மேசையில்தான் இருந்தேன். அவர் என் கட்டை விரலை, ரேகை வைக்கும்போது பிடிப்பது போலவே, மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். குரல் நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் எனக்குத் தொண்டையில் ‘சரிங்க’ ஏறியது. அவர் விரலை அழுத்தினார். நான் விழுங்கிக்கொண்டேன். கேள்வி வந்ததும் “இல்லீங்க” என்றேன். மன்னிக்கவும், தெளிவாகக் கேட்கவில்லை என்றது. மறுபடி சொன்னேன். மறுபடியும் கேட்கவில்லை என்றது. மூன்றாவது தடவைதான் எடுத்துக்கொண்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

குறி எடுபட்டது. நான் மறுபடி வண்டி ஏறினேன்.

இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்து அவரைப் பார்க்கப் போனால், மையத்தில் கூட்டமே இல்லை. அதிகாரிகள் இரண்டு பேர் வந்து போனதாகச் சொன்னார். தன்மையாகத்தான் பேசினார்களாம். அவர்கள் நீட்டிய காகிதத்தையும் அவர் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

“எல்லா மையத்துலயும் எல்லாரும் சம்மதமுங்க. நம்ம மையத்துல மட்டும் ‘இல்லை’ அதிகமா இருக்குதாம். கம்ப்யூட்டரு அதத் தனியா எடுத்துக் காட்டிக் குடுத்திருக்குது. நான்தான் இல்லைன்னு சொல்லச் சொல்லிக் குடுத்தனான்னு கேக்கறாங்க.”

மூடிவிடுவார்களா என்று கேட்டேன்.

“ஆளுகளுக்குப் போன் போட்டுக் கேப்பாங்களாமுங்க. கேக்கட்டும். நான் படிச்சுக் காட்டினேன், அவ்வளவுதானே? யாருகிட்டயும் இல்லைன்னு சொல்லுங்கன்னு நான் சொன்னதில்லையே.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லிக் கொடுத்த ஒரே ஆள் நான்தான். அவர் பொட்டைத் தொட்டுப் பார்த்தார். காமிராவின் மேல் சரியாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் முற்பகலில், சங்ககிரி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது. “வணக்கம், திரு அர்த்தநாரி அவர்களே.”

அவர் சொல்லிக் கொடுத்தது போல வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். இடது கையால் என் வலது கட்டை விரலை நானே பிடித்துக்கொண்டேன். என்னவெல்லாமோ கேட்டது. எல்லாவற்றுக்கும் யோசித்துச் சொன்னேன். கடைசியில் அது வந்தது.

“தங்கள் மையத்தின் பணியாளர், ‘இல்லை’ என்று பதில் சொல்லும்படி தங்களிடம் கூறினாரா?”

முழுக்கப் புரிந்தது. ‘இல்லீங்க’ என்று சொல்ல வேண்டும். அது பொய்தான். ஆனாலும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து மூச்சை இழுத்தேன். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அந்தக் குரல் இன்னும் கனிவாக, “தாங்கள் அச்சப்படாமல் பதில் சொல்லலாம்” என்றது.

“சரிங்க” என்றேன்.

“நன்றி. தங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது.”

அச்சப்பட வேண்டாம் என்று சொன்னதற்குத்தான் நான் சரிங்க என்றேன். போன் அணைந்துவிட்டது. அந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டேன். அப்படி ஓர் எண் உபயோகத்தில் இல்லை என்றது. பஸ் வந்தது, போனது. வெயிலில் அப்படியே நின்றேன்.

அன்று மதியமே மையத்துக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, மூன்று இடத்துக்கும் எழுதிப் போட வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். அவர் ஒரு அம்மாவின் விரலைப் பிடித்தபடி படிவம் படித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னை உட்காரச் சொன்னார். முகம் வாடியிருந்தது. ஒவ்வொருத்தருக்காகப் போன் வர ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார்.

“உங்களுக்குப் போன் ஏதாச்சும் வந்துச்சுங்களாண்ணா?”

“இல்லீங்க” என்றேன்.

தடுமாறவே இல்லை. டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் அந்த வாடிய முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

“பாத்தீங்களாண்ணா, எவ்வளவு தெளிவா வருது இப்ப.”